ஹெட் தானாக வெடிக்காது

வாசகர் கேள்விகள்: இந்த மாதம் டீசல் இன்ஜின் ஹெட்

போன இதழில் டேப்பட் (வால்வைத் தள்ளித் திறக்கிற பாகம்) சத்தம் பற்றி நாலு வரி எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, ஹெட்டை, அதாவது சிலிண்டரை மேலே மூடுகிற வார்ப்பு மூடியை, கழற்றலாமா, ஒட்டலாமா, வீட்டிலேயே பார்க்கலாமா என்றுதான் கேட்கின்றன. தக்கலையில் 38 வருஷம் பட்டறை வைத்திருந்தவன் நான். முன்பக்கத்தை மகன் செல்போன் கடையாக மாற்றிவிட்டான். பின்பக்க ஷெட்டும் ஒரு வைஸும் மட்டும் என் பெயரில் மிச்சம். அந்த வைஸ் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அண்ணாச்சி, எனக்குக் கருங்கல் பக்கம் இரண்டு ஏக்கர் ஏத்தன் வாழை. கால்வாய் அடைத்த பிறகு குளத்தில் இருந்து 5 எச்.பி. ஆயில் இன்ஜின் வைத்து இறைக்கிறேன். சித்திரை வெயிலில் ஒருநாள் உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வில் காற்றுப் பிடித்து தண்ணீர் நின்றுபோனது. நான் டீ குடிக்கப் போயிருந்தேன். வந்து பார்த்தால் இன்ஜின் கொதிக்கிறது. பயத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஹெட் மேல் ஊற்றினேன். அன்றிலிருந்து ஸ்டார்ட் ஆனாலும் இழுப்பதில்லை, வெள்ளைப் புகை தள்ளுகிறது. ஹெட் போய்விட்டது என்று ஒரு மெக்கானிக் சொல்கிறார். வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

தம்பி, கொதிக்கிற ஹெட்டுக்கு அந்த வாளித் தண்ணீரை ஊற்றாமல் இருந்திருக்கலாம். வார்ப்பு இரும்பு எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும், இழுத்தால் தாங்காது. மேல்பக்கம் சட்டென்று குளிர்ந்து சுருங்குகிறது, உள்பக்கம் இன்னும் விரிந்தே நிற்கிறது. அந்த இழுவையில் எங்கே சதை குறைவோ அங்கே கீறும். பெரும்பாலும் இன்லெட் வால்வுக்கும் எக்சாஸ்ட் வால்வுக்கும் நடுவில் உள்ள குறுகலான பாலத்தில், அல்லது வால்வு சீட்டில் இருந்து, டீசல் தெளிக்கிற நாசிலின் துளை பக்கமாக. அடுத்த தடவை இப்படி ஆனால் இன்ஜினை நிறுத்திவிட்டுச் சும்மா இருங்கள். தானாக ஆறட்டும். கையால் தொட முடிகிற வரைக்கும் தண்ணீர் காட்டக் கூடாது.

ஆனால் ஹெட் போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். கழற்றும் முன் ஒன்று பாருங்கள். உங்கள் இன்ஜினுக்குக் குளிர்தண்ணீர் பம்பு டெலிவரியில் இருந்துதானே வருகிறது? அந்த ஹோஸைக் கழற்றிவிட்டு, ஜாக்கெட்டில் (சிலிண்டரைச் சுற்றிய தண்ணீர் அறை) கையாலேயே தண்ணீர் நிரப்பி, ஹோஸ் மாட்டிய வாயை அடைத்து, வெளியேறும் குழாயின் வாயை ஒரு வாளித் தண்ணீருக்குள் விடுங்கள். சுமையில்லாமல் ஒரு நிமிடம் ஓட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். இன்ஜின் அடிக்கிற தாளத்திலேயே குமிழி வந்தால் எரிகிற காற்று தண்ணீர் அறைக்குள் புகுகிறது என்று பொருள். பம்பு ஹோஸ் மாட்டியபடியே பார்த்தால் பம்பு இழுக்கிற காற்றும் குமிழியாக வந்து ஆளை ஏமாற்றும். அதனால்தான் கழற்றச் சொன்னேன்.

குமிழி வந்தாலும் குற்றவாளி இரண்டு பேரில் ஒருவர். ஒன்று ஹெட் பேக்கிங் (ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வைக்கிற தகடு), இன்னொன்று ஹெட். பேக்கிங் போயிருந்தால் வீட்டு வேலை. ஹெட் கீறியிருந்தால் பாதி வீட்டில், பாதி லேத்தில்.

கழற்றுவது கஷ்டமில்லை, ஒழுங்குதான் வேண்டும். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். டீசல் டேப்பை அடைத்து, நாசிலுக்குப் போகும் குழாயைக் கழற்றி, இரண்டு வாயையும் சுத்தமான பாலித்தீனால் கட்டுங்கள். அதில் போகும் ஒரு மணல் துகள் பின்னால் நாசிலைக் கொல்லும். சைலன்சர், ஏர் கிளீனர், ராக்கர் மூடி, ராக்கர் (வால்வை அமுக்குகிற கை), புஷ் ராடு (ராக்கரைத் தள்ளுகிற கம்பி) என்று வரிசையாக எடுங்கள். புஷ் ராடு இரண்டையும் ஓர் அட்டையில் துளை போட்டுச் சொருகி ‘இன்’, ‘எக்ஸ்’ என்று எழுதுங்கள். நாசிலுக்கு அடியில் செம்பு வாஷர் ஒன்றா இரண்டா என்று பார்த்து அதே அட்டையில் குறித்து வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். ஹெட் நட்டுகளை ஒன்றை முழுக்கக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. எதிரெதிராக, அரைச் சுற்று அரைச் சுற்றாக விட வேண்டும். ஹெட் ஒட்டிக்கொண்டு வரவில்லை என்றால் இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரை அடித்து இறக்கிவிடாதீர்கள். அந்தத் தழும்பில்தான் புதுப் பேக்கிங் ஒழுகும். பக்கவாட்டில் மரக்கட்டையை வைத்துத் தட்டினால் விடும்.

இனி முக்கியமான வேலை: பழைய பேக்கிங்கைத் தூக்கி எறியாதீர்கள். அதை வெயிலில் பிடித்துப் பாருங்கள். சிலிண்டர் வளையத்தில் இருந்து தண்ணீர்த் துளைக்கோ ஸ்டட் துளைக்கோ கறுப்பாக ஒரு பாதை போயிருந்தால் அதுதான் வழி. நடந்தது முழுக்க அதில் எழுதியிருக்கும். அப்படிப் பாதை எதுவும் இல்லாமல் பேக்கிங் நன்றாக இருந்தால் கீறலைத் தேடுங்கள்.

கீறலைத் தேட கோட்டாற்றில் என் ஆசான் காட்டிய வழி: ஹெட் முகத்தை நன்றாகக் கழுவித் துடைத்து, மண்ணெண்ணெயோ டீசலோ தாராளமாகப் பூசி அரை மணி நேரம் விடுங்கள். அப்புறம் காய்ந்த துணியால் ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துச் சாக்பீஸைப் பொடித்து மெல்லிசாகத் தடவுங்கள். ஹெட்டை மரக்கட்டையால் லேசாகத் தட்டிவிட்டுக் காத்திருங்கள். கீறல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெளியே ஊறி வரும். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு இரண்டு வால்வுக்கும் நடுவில், வெள்ளைப் பொடியில் ஈர மயிரிழை ஒன்று படுத்திருப்பது போல ஒரு கோடு கறுத்து வரும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது மயிர்தான் விழுந்து கிடக்கிறது என்று ஊதினேன். ஆசான் சிரித்தார். கடையில் சிவப்புச் சாயமும் வெள்ளைப் பூச்சும் டப்பாவில் விற்கிறார்கள். வேலை அதே வேலைதான், இன்னும் தெளிவாகக் காட்டும். ஆனால் உள்ளே தண்ணீர்ப் பாதையில் இருக்கிற கீறலை இரண்டும் காட்டாது. அதற்கு ஹெட்டின் தண்ணீர்த் துளைகளை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்து, சுடுதண்ணீரில் முக்கிப் பார்க்கிற பட்டறைக்குத்தான் போக வேண்டும். சுடுதண்ணீர் எதற்கு என்றால், குளிரில் மூடிக்கிடக்கிற கீறல் சூட்டில்தான் வாயைத் திறக்கும்.

கீறல் கண்டால்? வால்வு சீட்டைத் தொட்டிருந்தாலோ தண்ணீர் வரை போயிருந்தாலோ, ஊரெல்லாம் ஸ்பேர் கிடைக்கிற 5 எச்.பி. இன்ஜினுக்கு நான் வெல்டிங் சொல்ல மாட்டேன். புது ஹெட் வாங்குங்கள். ஸ்பேர் நின்றுபோன பழைய இன்ஜினுக்குத்தான் வெல்டிங்கும், கீறல் நெடுக வரிசையாகத் துளை போட்டுத் திருகு அடைத்துத் தைக்கிற வேலையும். அதையும் வார்ப்பு இரும்பில் கைப்பழக்கம் உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள். வீட்டு வெல்டிங் மெஷினில் சாதா ராடு வைத்துப் பொரித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். சாதா இரும்பில் கரி கால் சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். வார்ப்பு இரும்பில் 2 முதல் 4 சதவீதம். பற்றவைத்த இடம் சட்டென்று ஆறினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். முதலில் முழு ஹெட்டையும் சூடாக்கணும், நிக்கல் ராடு வேண்டும், அப்புறம் மெதுவாக, மிக மெதுவாக ஆறவிடணும்.

இதில் நான் பட்ட அடி ஒன்று உண்டு. பட்டறை தொடங்கிய புதிதில் ஒரு பழைய இன்ஜின் ஹெட்டை நன்றாகச் சூடேற்றிப் பற்றவைத்துக் காய்ந்த சாம்பலுக்குள் புதைத்தோம். காலையில்தான் எடுக்க வேண்டும். இன்ஜின்காரர் சாயங்காலமே வந்து வாசலில் நின்றுவிட்டார், நாற்று காய்கிறதாம். உதவிக்கு வந்திருந்த ஆசான் சொன்னார், “இரும்பு ஆறுகதுக்கு ஒரு நேரமுண்டுடே. நீ போயி சாயா குடிச்சிட்டு வா.” நான் சாயாவும் குடிக்கவில்லை, ஆசான் சொன்னதையும் கேட்கவில்லை. அவர் வீட்டுக்குப் போனதும் சாம்பலைக் கிளறி எடுத்துத் திண்ணையில் வைத்தேன். வெளியே மழைக்காற்று. ஐந்து நிமிடத்தில் ‘டிக்’ என்று ஒரு சத்தம், பல்லி கத்துவது போல. வெல்டிங் அப்படியே இருந்தது, அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கீறல். அந்த ஹெட்டுக்குப் பணம் வாங்கவில்லை.

சரி, உங்கள் ஹெட்டில் கீறல் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது வளைவு. நல்ல ஸ்டீல் நேர்விளிம்பு ஒன்றை இரவல் வாங்குங்கள், கொத்தனார் ரசமட்டம் இதற்கு ஆகாது. நீளத்தில் இரண்டு, அகலத்தில் இரண்டு, மூலைக்கு மூலை இரண்டு என்று வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) நுழைகிறதா பாருங்கள். 0.05 மி.மீ. தகடு நுழையாவிட்டால் கவலையில்லை. 0.10 தாராளமாக நுழைந்தால் லேத்தில் கொடுத்து முகத்தைச் சமமாகச் செதுக்கியே, அதாவது ஃபேஸ் பண்ணியே ஆகணும். நடுவில் இருந்தால் உங்கள் இன்ஜின் புத்தகம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 0.05 என்பது மெல்லிய தலைமுடி ஒன்றின் கனம். இவ்வளவு சின்னதற்கா என்று கேட்பீர்கள். 87.5 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) உள்ள இன்ஜினில் பிஸ்டனுக்கு நேரே ஹெட்டின் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர். எரியும்போது சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோ அழுத்தம் என்று வைத்தால் ஹெட்டைத் தூக்குகிற விசை 4 டன்னைத் தாண்டும். ஒரு கொம்பன் யானை. 1500 ஆர்.பி.எம்.மில் அந்த யானை நிமிடத்துக்கு 750 தடவை கீழிருந்து முட்டுகிறது. தலைமுடி இடைவெளி கிடைத்தால் விடுமா?

ஆங்கிள் கிரைண்டரில் எமரி வீல் போட்டு முகத்தைப் பளபளப்பாக்குகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அது பார்க்க அழகு, அங்கங்கே குழி விழுந்திருக்கும். எமரித் தூள் போய் பேரிங்கில் உட்காரும். பழைய பேக்கிங் துண்டை நனைத்து, பித்தளைத் தகட்டால் சுரண்டுங்கள். பழசில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, காய்ந்தபடி சுரண்டி அந்தத் தூசியை மூக்கில் ஏற்றாதீர்கள்.

ஃபேஸ் பண்ணினால் கம்ப்ரஷன் ஏறிவிடும் என்று பலருக்கும் ஒரு நினைப்பு. அடிமுகம் தட்டையாக இருந்து, எரிகிற குழி பிஸ்டன் தலையில் இருக்கிற இந்த மாதிரி இன்ஜினில் அது அப்படியில்லை. பேக்கிங் அதே கனம் என்றால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி மாறாது. மாறுவது வேறு இரண்டு. வால்வு முன்பு முகத்துக்குள் எவ்வளவு பதிந்திருந்ததோ அது குறைந்து பிஸ்டனை நெருங்கும். நாசில் மூக்கும் அதே அளவு வெளியே நீளும். அதற்குத்தான் செம்பு வாஷரைக் குறித்து வைக்கச் சொன்னேன். லேத்துக்காரரிடம் “எவ்வளவு எடுத்தீங்க?” என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வால்வு சீட்டையும் அந்த அளவுக்கு இறக்கித் தரச் சொல்லுங்கள். மாட்டுவதற்கு முன் பிஸ்டன் தலையில் குழிக்கு வெளியே, வால்வு இறங்காத இடத்தில், ஈயக் கம்பித் துண்டு இரண்டு வைத்து, பழைய பேக்கிங்கைப் போட்டு ஹெட்டை இறுக்கி, கையால் ஒரு சுற்று சுற்றி, கழற்றிக் கம்பியின் கனத்தை அளந்தால் இடைவெளி சரியாகத் தெரிந்துவிடும்.

வால்வு கிரைண்டிங் மட்டும் நிச்சயமாக வீட்டிலேயே செய்யுங்கள். லேத்துக்காரரைவிடப் பொறுமையான வீட்டுக்காரர் நன்றாகச் செய்வார். ஸ்பிரிங்கை அமுக்கும்போது அதைப் பிடித்திருக்கிற லாக்கு தெறித்துக் கண்ணுக்கு வரும், துணியைப் போட்டு மூடி எடுங்கள். வால்வு தண்டு கைடில் (தண்டு ஓடுகிற குழல்) ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் முதலில் கைடு மாற்றணும், இல்லாவிட்டால் செய்கிற வேலை வீண். வால்வு விளிம்பில் கிரைண்டிங் பேஸ்ட் கொஞ்சமாகப் பூசி, ரப்பர் கப் வைத்த குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவில் மத்து கடைவது போல உருட்டுங்கள். பத்துத் தடவைக்கு ஒருமுறை தூக்கி, கால் சுற்றுத் தள்ளி வையுங்கள். முதலில் கரகர என்று கேட்கும், போகப் போகச் சத்தம் மெலியும். அப்போது துடைத்துப் பாருங்கள். சீட்டிலும் வால்விலும் விட்டுப்போகாமல் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம், ஒன்றரை இரண்டு மி.மீ. அகலத்தில் வந்திருக்க வேண்டும். பேஸ்டை ஒரு துளி விடாமல் கழுவி, ஸ்பிரிங் மாட்டி, போர்ட் வாய் மேலே பார்க்கும்படி ஹெட்டைச் சாய்த்து, அதற்குள் மண்ணெண்ணெய் ஊற்றி வையுங்கள். கால் மணி நேரம் கழித்து வால்வு ஓரம் நனைந்திருந்தால் மறுபடி மத்துக் கடையல்தான்.

திரும்ப மாட்டும்போது புதுப் பேக்கிங், கிரீஸோ பெயின்டோ பூசாமல். ஸ்டட் மரைகளை பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து காட்டுகிற ஸ்பானர்) இல்லாமல் “கை அறியும்” என்று இறுக்காதீர்கள், என் கை அறியாது. வாடகைக்குக் கிடைக்கும். புத்தகத்தில் உள்ள அளவை மூன்று தவணையாகப் பிரித்து, எதிரெதிராக இறுக்குங்கள். அப்புறம் டேப்பட் இடைவெளி வைத்து, சூடாக ஓட்டி, முழுக்க ஆறிய பிறகு புத்தகம் சொன்னால் இன்னொரு தடவை நட்டைப் பார்த்து, டேப்பட்டையும் திரும்பப் பாருங்கள்.

இதெல்லாம் செய்துவிட்டு அந்த ஃபுட் வால்வை அப்படியே விட்டால் அடுத்த சித்திரையில் மறுபடி எனக்குக் கடிதம் எழுதுவீர்கள். ஹெட் தானாக வெடிக்காது தம்பி. முதலில் ஃபுட் வால்வு வாஷரை மாற்றுங்கள். ஜாக்கெட்டுக்குள் குளத்துச் சேறு எவ்வளவு படிந்திருக்கிறது என்று ஒரு கம்பியை விட்டுக் கிளறிப் பாருங்கள். கைப்பிடி கைப்பிடியாக வரும்.

ஆசானே, குலசேகரத்தில் இருந்து பேச்சிப்பாறை மேலே ரப்பர் தோட்டத்துக்குப் பழைய டீசல் ஜீப் ஓட்டுகிறேன். ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் உள்ளே பால் நுரை மாதிரி இருக்கிறது. ஹெட் பேக்கிங் போச்சு, இறக்கு என்கிறார்கள். இறக்கட்டுமா?

இறக்காதீர்கள், பொறுங்கள். உங்கள் பக்கம் தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். தினமும் இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கிற வண்டியில் உள்ளே வேர்த்து மூடியில் மட்டும் நுரை கட்டுவது உண்டு. டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். அதிலும் பால் டீ நிறம் என்றால்தான் விஷயம் பெரிசு. இன்னொரு சோதனை: வண்டியை ராத்திரி முழுக்க அசையாமல் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் பண்ணாமல் அடியில் டிரெயின் நட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அடியில் நிற்கும். முதலில் தண்ணீர் சொட்டினால் சந்தேகமே இல்லை. அதன்பிறகு வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வராதீர்கள், கட்டி இழுத்து வாருங்கள். தண்ணீர் கலந்த ஆயிலில் பேரிங் போனால் ஹெட் செலவு சின்னதாகத் தெரியும்.

ராத்திரி தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கி நின்றிருந்தால் செல்ஃப் அடித்ததும் ‘டக்’ என்று நிற்கும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். சந்தேகம் இருந்தால் நாசில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றணும். அப்போது முகத்தை அந்தத் துளைகளுக்கு நேரே வைக்காதீர்கள். சில இன்ஜினில் ஆயில் கூலர் ஓட்டையாகியும் இப்படி ஆகும், அதையும் பார்த்துவிட்டு ஹெட்டில் கை வையுங்கள்.

நாலு சிலிண்டர் ஹெட்டுக்கு வளைவு பார்ப்பது, ஃபேஸிங் எல்லாம் பட்டறை வேலைதான். வீட்டில் இறக்கி ஏற்றலாம், இரண்டு பேர் வேண்டும். ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அலுமினியம் ஹெட். அது சூட்டில் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், வளைவதும் அதற்குத் தகுந்தாற்போல. எவ்வளவு வரை செதுக்கலாம் என்பதற்கும் ஒரு குறைந்தபட்ச உயரம் உண்டு, அதற்குக் கீழே போனால் ஹெட் ஆக்கர் கடைக்குத்தான். ரேடியேட்டரில் ஓடைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவதையும் நிறுத்துங்கள். கூலண்ட் ஊற்றுங்கள்.

அண்ணே, திங்கள்சந்தையில் இருந்து எழுதுகிறேன். எங்க வீட்டுக்காரர் பழைய இன்ஜின்கள் வாங்கிச் சரிசெய்து விற்பார். ஹெட்டில் பிடித்த கரியைப் போக்க என் பெரிய அலுமினியச் சருவத்தில், அடுக்களை அடுப்பிலேயே, காஸ்டிக் சோடா போட்டுக் காய்ச்சுகிறார். கேட்டால் “தேய்ச்சுக் கழுவினா போயிரும்” என்கிறார். நீங்களே சொல்லுங்கள்.

தங்கச்சி, இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படுகிற மாதிரி விரித்து வையுங்கள்.

காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும். தின்னும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும், அது அடுப்புத் தீயில் பற்றக்கூடியது. இரும்பு ஹெட் ஒன்றும் ஆகாமல் வெளியே வரும், சருவத்தில் ஓட்டை விழும். அலுமினியம் ஹெட்டை அதில் போட்டால் ஹெட்டும் போய்விடும். கொதிக்கிற காஸ்டிக் ஒரு சொட்டுக் கண்ணில் தெறித்தால் பார்வை போகிற விஷயம். தெறித்தால் குழாயடியில் கண்ணைத் திறந்து வைத்து விடாமல் கழுவிக்கொண்டே இருந்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரும்பு ஹெட்டுக்குச் சலவை சோடா போதும். பழைய இரும்பு டின்னில், வெளிமுற்றத்தில், மூன்று கல் கூட்டி, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பச்சைத் தண்ணீரில் போட்டு மெதுவாகச் சூடேற்றச் சொல்லுங்கள். முடிந்ததும் தண்ணீரிலேயே ஆறவிடணும். அலுமினியம் ஹெட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து பிரஷ் போட்டுத் தேய்த்தால் போதும், அடுப்புப் பக்கமே வேண்டாம். அந்தச் சருவத்தில் இனி சோறு, குழம்பு எதுவும் வைக்காதீர்கள். புதிது வாங்கித் தரச் சொல்லுங்கள், நான் சொன்னதாகவே சொல்லலாம்.

அண்ணே, முட்டத்தில் படகு வைத்திருக்கிறேன். ஹெட்டின் தண்ணீர்த் துளை ஓரமெல்லாம் உப்பு அரித்து, பேக்கிங் உட்காரவே இடமில்லை. இரும்புப் பசை வைத்து அடைத்துத் தேய்த்தால் தாங்கும் என்று யூடியூபில் காட்டுகிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. கடல் தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு. அதை நேரே இன்ஜினுக்குள் ஓட்டினால் துளை ஓரம்தான் முதலில் கரையும். சிலிண்டரைச் சுற்றிய நெருப்பு வளையத்துக்கு வெளியே, தண்ணீர்த் துளை ஓரத்துக்கு மட்டும், நல்ல மெட்டல் எபாக்சி வைத்து ஃபேஸ் பண்ணினால் சில காலம் ஓடும். பம்புசெட் இன்ஜினுக்கு நானே செய்திருக்கிறேன். வளையத்துக்கு உள்ளே, வால்வு பாலத்தில், நாசில் ஓரத்தில் எந்தப் பசையும் நிற்காது. யார் எந்த டப்பாவைக் காட்டினாலும் சரி.

ஆனால் உங்களுக்குப் பம்புசெட்டுக்குச் சொல்கிற பதிலைச் சொல்ல எனக்கு மனசில்லை. தோட்டத்தில் இன்ஜின் நின்றால் வாழை வாடும், அவ்வளவுதான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது கரை திரும்பாதவர்களுக்காக உங்கள் ஊரும் பக்கத்து ஊர்களும் எப்படிக் காத்துக் கிடந்தன என்று எனக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. பசை போட்ட ஹெட்டோடு கடலுக்குப் போகாதீர்கள். அரித்தது குறைவு என்றால் ஃபேஸிங்கில் சரியாகும். அதிகம் என்றால் வேறு ஹெட்தான். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் ஓட்டி அலசுங்கள். இன்ஜினில் ஜிங்க் கட்டை இருந்தால் கரைந்துபோகும் முன்பே மாற்றுங்கள். இரும்புக்குப் பதில் தான் கரைவதுதான் அதன் வேலை.

சார், அருமனையில் இருந்து எழுதுகிறேன், ஐ.டி.ஐ. முடித்தவன். அப்பாவின் ஆயில் இன்ஜின் ஹெட்டை நானே இறக்கி, வால்வு கிரைண்டிங் பண்ணி மாட்டினேன். இரண்டு நாளாக ஹேண்டில் சுற்றுகிறேன், ஸ்டார்ட் ஆகவில்லை. எங்கே தப்பு?

தோள்பட்டைக்கு ஓய்வு கொடு தம்பி. டீகம்ப்ரஷன் லீவரை (லேசாகச் சுற்ற வால்வைத் திறந்து வைக்கிற பிடி) கீழே விட்டு மெதுவாகச் சுற்றிப் பார். கட்டியாக எதிர்த்தால் கம்ப்ரஷன் இருக்கிறது, ஹெட் வேலை சரி. எதிர்ப்பே இல்லாவிட்டால் டேப்பட்டில் இடைவெளியே இல்லாமல் வைத்திருப்பாய், வால்வு முழுசாக மூடவில்லை. பிஸ்டன் மேலே வந்து இரண்டு வால்வும் மூடியிருக்கிற நேரம் பார்த்து மறுபடி வை.

கம்ப்ரஷன் இருந்தும் பிடிக்காவிட்டால் ஏர் எடு, அதாவது டீசல் குழாயில் நிற்கிற காற்றை வெளியேற்று. ஃபில்டரில் இருந்து தொடங்கு, பம்பு, கடைசியாக நாசில் குழாய் நட்டு. குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை எடுக்கணும். நாசிலை வெளியே மாட்டி ஸ்ப்ரே பார்ப்பாய் என்று தெரியும், பார். ஆனால் விரலை அதன் முன்னால் காட்டாதே. 200 கிலோ அழுத்தத்தை ஒட்டிப் பாய்கிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தின புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி நடந்துவிட்டால் வலி இல்லையே என்று வீட்டில் இருக்காமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

உன் ஊரில் எனக்கு ஒரு மானக்கேடு உண்டு. ஒரு மர அறுவை மில்லில் ஹெட் வேலை முடித்துவிட்டுக் காலையில் இருந்து மத்தியானம் வரை சுற்றினோம், நானும் இரண்டு பையன்களும். டேப்பட் பார்த்தேன், நாசில் பார்த்தேன், டைமிங்கில் கூடக் கை வைக்கப் போனேன். சாயா கொண்டுவந்த கடைப் பையன் கிளாஸை நீட்டிக்கொண்டே சொன்னான், “அண்ணாச்சி, டீசல் டேப்பு அடைச்சில்லா கெடக்கு.” மில்லுக்காரர் என் கூலியில் பாதியை எடுத்து அவனிடம் கொடுத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.